தலையில் அடிபட்ட பின் ஞாபகத்துக்கு மாத்திரை உண்டா?



நமது மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது, நான் தண்டவாளத்தைப் பற்றித்தான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். டிப்ளமா முடித்து, ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் 37 ஆண்டுகள் வேலை பார்த்தவனிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? ஆனால் இந்த முறை எழுதப்போவது மண்டையைப் பற்றி. நான் டாக்டர் அல்ல. எனக்கு நேர்ந்ததையும், அதன் பிறகு தேடித் தேடிப் படித்ததையும், ஒரு நரம்பியல் டாக்டர் பொறுமையாக விளக்கியதையும் சொல்கிறேன். மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளும், ஸ்டேஷன் வரை இரு சக்கர வண்டியில் விரைகிறவர்களும் உள்ள ஊர் இது. இந்தக் கேள்வி எந்த வீட்டுக்கும் வரலாம்.

2022 அக்டோபரில், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலை. ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது என் மொபெட் சறுக்கியது. ஹெல்மெட் போட்டிருந்தேன், வாரை மாட்டவில்லை. நான் விழுவதற்கு முன்பே ஹெல்மெட் கழன்று உருண்டு போய்விட்டதாம். பார்த்தவர்கள் சொன்னது. எனக்கு அந்தச் சில நிமிடங்கள் இல்லவே இல்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, ரத்தக் கசிவு இல்லை, எலும்பு முறிவு இல்லை என்றார்கள். இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து நடந்ததுதான் விஷயம். ஓய்வு பெற்ற பிறகு, ரயில்வே தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் வீட்டில் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டதிலிருந்து இந்த ஊரில் பரீட்சை எழுதி வெளியே போவதுதான் பிழைப்புக்கு வழி என்பது வாசகர்களுக்குத் தெரியும். அன்று போர்டில் எழுதிய கணக்கு மிகச் சாதாரணமானது. 200 மீட்டர் நீளமுள்ள ரயில், மணிக்கு 54 கிலோமீட்டர் வேகம், 250 மீட்டர் பிளாட்பாரத்தைக் கடக்க எத்தனை விநாடி? 54-ஐ 5-ஆல் பெருக்கி 18-ஆல் வகுத்தால் விநாடிக்கு 15 மீட்டர். அதை மனதில் வைத்துக்கொண்டு, 200-ம் 250-ம் 450 என்று கூட்டினேன். திரும்பிப் பார்த்தால் 15 காணாமல் போயிருந்தது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை 450 போய்விட்டது. பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் மெல்ல, "பதினைஞ்சு சார்" என்றான்.

என் பிறந்த தேதி, மனைவியின் பெயர், 1985-ல் எந்த கேட்டில் எந்த கேங்மேன் இருந்தார் என்பதெல்லாம் பத்திரமாக இருந்தன. 15 மட்டும் ஐந்து விநாடி நிற்கவில்லை. இது மறதி நோயா, வயதா, அடிபட்டதாலா? அன்றிரவு நான் தூங்கவில்லை.

டாக்டர்கள் இதை வொர்க்கிங் மெமரி என்கிறார்கள். நான் கைநினைவு என்று எழுதுகிறேன். வங்கியில் இருக்கும் பணம் வேறு, சட்டைப்பையில் கைச்செலவுக்கு வைத்திருக்கும் பணம் வேறு அல்லவா? ஒரு செய்தியைச் சில விநாடிகள் கையில் பிடித்துக்கொண்டே அதை வைத்து வேலையும் செய்வதுதான் கைநினைவு. பேட்லி, ஹிட்ச் என்ற இரு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் 1974-ல் இதற்கு ஒரு தெளிவான வடிவம் கொடுத்தார்கள். அதற்கு முன்பே 1956-ல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்கர், மனிதன் ஒரே சமயத்தில் ஏறக்குறைய ஏழு செய்திகளைப் பிடித்து வைக்க முடியும் என்று எழுதியிருந்தார். பிறகு வந்தவர்கள், உள்ளுக்குள் திரும்பச் சொல்லிப் பார்க்கும் தந்திரத்தை நீக்கிவிட்டால் அது நாலுதான் என்று குறைத்துவிட்டார்கள்.

என் பாஷையில் சொன்னால் இது நான்கு லைன் உள்ள சிறிய யார்டு. வண்டிகள் எத்தனை வேண்டுமானாலும் வந்து போகலாம், ஒரே நேரத்தில் நிற்பது நான்குதான். ஒரு லைன் அடைபட்டால் யார்டு மூடப்படுவதில்லை. ஆனால் ஷண்டிங் செய்ய இடமில்லாமல் எல்லாமே தாமதமாகும். தலைவலி ஒரு லைனை அடைக்கும். தூக்கமின்மை இன்னொன்றை அடைக்கும். "எனக்குப் பைத்தியம் பிடித்துவிடுமோ" என்ற பயம் மூன்றாவதை அடைக்கும். மிச்சமிருக்கும் ஒரே லைனில்தான் நான் ரயில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

லேசான மூளைக் காயம் என்பதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. நினைவிழப்பு 30 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. அடிபட்டதற்குப் பின் நடந்தவை பதியாமல் போகும் குழப்பம் 24 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கக்கூடாது. கிளாஸ்கோ அளவில் 13 முதல் 15 மதிப்பெண் இருக்க வேண்டும். ஸ்கேனில் ஒன்றும் தெரியாதது பொய்க்காயம் என்று அர்த்தமாகாது. மூளைக்குள் நீண்டு செல்லும் நரம்பு இழைகள் குலுக்கலில் இழுபடுவது சாதாரண ஸ்கேனில் தெரிவதில்லை. தண்டவாளத்தை வெளியிலிருந்து பார்த்தால் பளபளவென்று இருக்கும், உள்ளே மயிரிழை விரிசல் இருப்பது அல்ட்ராசானிக் கருவிக்குத்தான் தெரியும். பெரும்பாலோருக்கு சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் சரியாகிவிடுகிறது. ஒரு பகுதியினருக்கு அதற்கு மேலும் இழுக்கிறது.

நிற்க. பரிசோதனையைப் பற்றி நம் மக்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். கைநினைவைச் சோதிக்க டாக்டர்கள் எண்களைச் சொல்லி, அதே வரிசையிலும் தலைகீழாகவும் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். 1980-ல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு: வெல்ஷ் மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களுக்கு வெல்ஷ் எண்களில் நினைவு குறைவாகத் தெரிந்தது. காரணம் புத்திக்குறைவு அல்ல. வெல்ஷ் எண்களை உச்சரிக்கச் சற்று அதிக நேரம் ஆகிறது, அவ்வளவுதான். உள்ளுக்குள் திரும்பச் சொல்லிக்கொள்வதற்குள் முதல் எண் தேய்ந்துவிடுகிறது. நம் ஒண்ணு, ரெண்டு, மூணு எல்லாம் ஈரசை. ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஓரசை. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், வேலையில் ஆங்கிலம் என்று வாழ்கிறவர்கள் நாம். ஆகவே எந்த மொழியில் கணக்குப் போட்டுப் பழக்கமோ அந்த மொழியிலேயே சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த முறையும் அதே மொழியில் கேளுங்கள். இல்லாவிட்டால் ஏறிவிட்டதா இறங்கிவிட்டதா என்பதே தெரியாது. எனக்கு முதல் நாள் தலைகீழாக மூன்று எண்களுக்கு மேல் வரவில்லை.

இனி மாத்திரைக்கு வருவோம். "ஞாபகத்துக்கு ஒரு நல்ல மாத்திரை எழுதிக்கொடுங்கள்" என்றுதான் நானும் கேட்டேன். இதற்கென்றே நிரூபிக்கப்பட்டு, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்த மருந்து ஒன்றுகூட இல்லை என்றார் அந்த டாக்டரம்மா. ஆனால் முயன்று பார்த்தவை பல. அவற்றை வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் சீட்டில் இந்தப் பெயர்கள் வரும்.

முதலில் சிட்டிகோலின். நம் நாட்டில் பக்கவாதத்துக்கும் தலைக்காயத்துக்கும் தாராளமாக எழுதப்படுவது. பைராசிட்டாம் என்பதோடு சேர்த்த மாத்திரையாகவும் வருகிறது. என் சீட்டிலும் இருந்தது. அமெரிக்காவில் 1,213 நோயாளிகளிடம் நடந்த சோதனையில் பாதிப்பேருக்கு சிட்டிகோலின் தினம் 2,000 மில்லிகிராம் 90 நாள், மறுபாதிக்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். ஸ்கேனில் மாற்றம் தெரிந்த லேசான காயக்காரர்களும் அதில் இருந்தார்கள். 2012-ல் முடிவு வந்தது. இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. பெரிய கெடுதல் இல்லை, பலனும் இல்லை. என் பென்ஷனில் அதற்குப் போன பணத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அடுத்தது டோனெபெசில், ரிவாஸ்டிக்மின் என்ற இரண்டு. இவை அல்சைமர் நோய்க்கானவை. மூளையில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் சீக்கிரம் கரைந்துவிடாமல் தடுப்பவை. 2004-ல் 18 பேரிடம் நடந்த சிறிய சோதனையில் டோனெபெசில் கவனத்தையும் உடனடி நினைவையும் கூட்டியது. நம்பிக்கை பிறந்தது. 2006-ல் 157 பேரிடம் ரிவாஸ்டிக்மினைச் சோதித்தபோது, மொத்தக் கூட்டத்தில் வெற்று மாத்திரையைவிட மேலானதாக நிற்கவில்லை. சிறிய சோதனையில் ஜெயிப்பது பெரிய சோதனையில் தோற்பது இந்தத் துறையில் சகஜம் போலும். பாலத்துக்கு சைக்கிளை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சரக்கு வண்டியை அனுமதிக்க முடியாதல்லவா!

மூன்றாவது மெத்தில்ஃபெனிடேட். கவனக்குறைவுள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அதே மருந்து. தலைக்காயத்துக்குப் பிறகு இதற்குத்தான் ஓரளவு நல்ல சாட்சியம் இருக்கிறது. அதுவும் பெரும்பாலும் நடுத்தர, கடுமையான காயக்காரர்களிடம் கிடைத்தது. மூளை வேலை செய்யும் வேகமும் கவனமும் கூடுகின்றன. கைநினைவு நேரடியாகக் கூடுவதற்கான சாட்சியம் அவ்வளவு பலமில்லை. நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும் என்பதால், என்னைப் போன்ற வயதானவர்களுக்கு இதயத்தைப் பார்க்காமல் கொடுக்கமாட்டார்கள். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் கடையில் கேட்டவுடன் கிடைக்காது. அது நல்லதுதான்.

புரோமோகிரிப்டின் என்பது டோபமைன் ரசாயனத்தைப் போல் நடிக்கும் மருந்து. 1998-ல் 24 நோயாளிகளிடம் ஒரே ஒரு சிறிய அளவு கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வேலைகளை ஒரே சமயத்தில் செய்யும் திறன் கூடியது, எண்ணைப் பிடித்து வைக்கும் சாதாரண வேலை கூடவில்லை. அமன்டடினைப் பற்றியும் பேசப்படும். 2012-ல் 184 பேரிடம் நடந்த சோதனையில் அது முன்னேற்றத்தை விரைவாக்கியது உண்மை. ஆனால் அவர்கள் நினைவு தெளியாமலே கிடந்த மிகக் கடுமையான நோயாளிகள். ரயில் கணக்கில் தடுமாறுகிறவனுக்கு அந்தச் சாட்சியத்தை நீட்ட முடியாது.

டோபமைன் விஷயத்தில் டாக்டரம்மா சொன்ன ஒன்றை நான் உடனே பிடித்துக்கொண்டேன். குறைந்தாலும் கைநினைவு கெடும், கூடினாலும் கெடும், நடுவில் ஒரு சரியான அளவு உண்டு என்றார். "வளைவில் வெளித் தண்டவாளத்தை உயர்த்துகிற மாதிரி" என்றேன் நான். உயரம் போதாவிட்டால் சக்கரம் வெளித் தண்டவாளத்தை அரைக்கும், அதிகமானால் மெதுவாகப் போகும் சரக்கு வண்டி உள் தண்டவாளத்தை நசுக்கும். வேகத்தைப் பார்த்துத்தான் உயரம். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை நமக்கு ஏன் ஒத்துக்கொள்வதில்லை என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

தலைக்காயத்துக்குப் பின் நீடிக்கும் சிந்தனைக் குறைகளுக்கான மருந்துச் சோதனைகளை காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு 2015-ல் சலித்துப் பார்த்தது. அவர்கள் தரத்துக்குத் தேறியவை நான்கே. முடிவு: பரிந்துரைக்கப் போதிய சாட்சியம் இல்லை.

வல்லாரையைக் கேட்காமல் விடமாட்டீர்கள் என்று தெரியும். என் வீட்டிலும் துவையல் நடந்தது. கன்னடத்துப் பக்கத்து வீட்டம்மா ஒந்தெலகா என்று கொண்டுவந்து கொடுப்பதும் இதே வல்லாரைதான். பிராமி என்ற பெயரில் மட்டும் குழப்பம் உண்டு. வடக்கே பல இடங்களில் வல்லாரையைப் பிராமி என்பார்கள், கேரளத்தில் நீர்ப்பிரமியைப் பிராமி என்பார்கள். இரண்டும் வேறு வேறு செடிகள். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் விரிவாக ஆராய்ந்தது நீர்ப்பிரமியை. ஆரோக்கியமானவர்களிடம் சுமார் 12 வாரம் கொடுத்த சில சோதனைகளில் நினைவு சற்றுக் கூடியது. தலையில் அடிபட்டவர்களுக்கு அதையே சொல்ல முடியாது. துவையல் சாப்பிடுங்கள், தடையில்லை. மாத்திரையாகச் சாப்பிடுவதானால் மற்ற மருந்துகளோடு அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மறைக்க வேண்டாம்.

இப்போது இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டிய பகுதி. டாக்டரம்மா என் மாத்திரைப் பையை மேசையில் கொட்டச் சொன்னார். ஒவ்வொன்றாக ஒதுக்கி வைத்தார். பிறகு, "ஐயா, ஒன்றைக் கூட்டுவதற்கு முன்னால் மூன்று நான்கைக் கழித்துப் பார்ப்போம்" என்றார்.

ஃபெனிடாயின் இருந்தது. வலிப்பு வராமல் இருக்க ஆஸ்பத்திரியில் தொடங்கியது. 1990-ல் வெளியான, 404 கடுமையான தலைக்காய நோயாளிகளிடம் நடந்த சோதனையில், அது முதல் வாரத்து வலிப்பைக் குறைத்தது, அதற்குப் பின் வரும் வலிப்பைத் தடுக்கவில்லை. லேசான காயத்துக்கு வழக்கமாகத் தேவையே இல்லை. ஆனால் சிந்தனையை மந்தமாக்கும். நான் அதை ஐந்தாம் வாரமும் விழுங்கிக்கொண்டிருந்தேன். நிறுத்தச் சொல்லி யாரும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. தூக்கத்துக்கு அல்பிரசோலம். அந்த வகை மாத்திரைகள் புதியதைப் பதியவிடாது. தலைவலிக்கு அமிட்ரிப்டிலின். சளிக்கு நானாகக் கடையில் வாங்கிய குளோர்ஃபெனிரமின். இந்த இரண்டும் அசிட்டைல்கோலினைத் தடுப்பவை. அதாவது டோனெபெசில் எந்தக் கதவைத் திறக்கப் பார்க்கிறதோ அதே கதவை இவை சாத்துகின்றன. நானோ ஒரு கையால் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஞாபக மாத்திரைக்கு நீட்டிக்கொண்டிருந்தேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடக்கூடாது. ஃபெனிடாயினையும் அல்பிரசோலத்தையும் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். எனக்கு வாரக்கணக்கில், படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்தினார்கள். ஏற்கனவே வலிப்பு உள்ளவர்களுக்கு அது உயிர் காக்கும் மருந்து.

ரத்தப் பரிசோதனையில் இன்னொன்று அகப்பட்டது. வைட்டமின் பி12 மிகக் குறைவு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பத்து வருடமாகச் சாப்பிடுகிறேன். அது உடலில் பி12 சேர்வதைக் குறைக்கும். அசிடிட்டிக்காக வருடக்கணக்கில் சாப்பிடும் மாத்திரைகளும் அப்படியே. மாமிசம் உண்ணாதவர்களுக்குக் குறைபாடு இன்னும் எளிதாக வரும். ஊசி போட்டார்கள். தைராய்டையும் சோடியத்தையும் பார்த்தார்கள், அவை சரியாக இருந்தன. தலையில் அடிபட்டதால் எல்லாப் பழியும் அடியின் மேல் போகிறது, கீழே பழைய கடன் இருப்பது தெரிவதில்லை.

மருந்து தவிர என்ன செய்தேன் என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. முதல் ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் இருட்டறையில் படுத்தே கிடக்கச் சொல்லும் பழைய வழக்கம் இப்போது இல்லை. தலைவலி கூடாத அளவுக்கு நடக்கச் சொல்கிறார்கள். விளையாட்டில் தலையில் அடிபட்ட 103 வளரிளம் பருவத்தினரிடம் 2019-ல் வெளியான ஆய்வில், அளவான உடற்பயிற்சி செய்தவர்கள் 13 நாளிலும், தசைநீட்டல் மட்டும் செய்தவர்கள் 17 நாளிலும் தேறினார்கள். நான் வளரிளம் பருவத்தைக் கடந்து அரை நூற்றாண்டாகிறது, இருந்தாலும் காலையில் உரிகம் ஸ்டேஷன் வரை நடந்தேன். போர்டில் ஒவ்வொரு இடைவிடையையும் ஓரத்தில் எழுதி வட்டமிட்டேன். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு பார்த்தால் பிள்ளைகளுக்கும் அப்படி எழுதுவது புரிய எளிதாக இருந்தது.

மூன்று மாதத்துக்கு மேலும் குறை நீடிப்பவர்களுக்கு பெங்களூர் நிம்ஹான்ஸில் நரம்பு உளவியல் பிரிவு இருக்கிறது. 1954-ல் தொடங்கிய அகில இந்திய மனநல நிலையமும் அதைவிடப் பழைய மைசூர் அரசு மனநல மருத்துவமனையும் 1974-ல் இணைந்து உருவானதுதான் நிம்ஹான்ஸ். நினைவு, கவனம், வேகம் ஆகியவற்றை நம் நாட்டு மக்களின் வயது, படிப்புக்கு ஏற்ப அளக்கும் ஒரு தேர்வுத் தொகுப்பை அவர்கள் 2004-ல் வெளியிட்டார்கள். மூளைப் பயிற்சியும் அங்கே உண்டு. நம் ஊரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர்தான். போகும்போது பழைய சீட்டுகள், ஸ்கேன், சாப்பிடும் எல்லா மாத்திரைகள், கூடவே வீட்டார் ஒருவர், இவை அவசியம். நமக்குத் தெரியாத நம் தடுமாற்றம் அவருக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கையை விட்டுவிடக்கூடாது. அடிபட்டபின் வாந்தி மீண்டும் மீண்டும் வந்தால், தலைவலி ஏறிக்கொண்டே போனால், பேச்சு குழறினால், ஒரு கை கால் பலமிழந்தால், எழுப்பினால் எழாத தூக்கம் வந்தால், வலிப்பு வந்தால் கைநினைவைப் பற்றி யோசிக்க நேரமில்லை, உடனே ஆஸ்பத்திரி. 65 வயதைக் கடந்தவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் சிறிய அடியே போதும். மண்டைக்குள் மெதுவாகக் கசியும் ரத்தம் சில வாரம் கழித்துக்கூட மறதியாகவும் தள்ளாட்டமாகவும் தலைகாட்டும். ஹெல்மெட் விஷயம் நான் சொல்லத் தகுதியற்றவன், இருந்தாலும் சொல்கிறேன். வாரை மாட்டுங்கள். கர்நாடகத்தில் பின்னால் உட்காருகிறவருக்கும் 2016 முதல் ஹெல்மெட் கட்டாயம்.

என் மாத்திரைகள் குறைந்து, ஊசி ஏறி, தூக்கம் திரும்பியது 2023 பிப்ரவரியில். இவற்றில் எது எவ்வளவு வேலை செய்தது, காலம் எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே சமயத்தில் நான்கு ரிப்பேர் செய்துவிட்டு எந்த போல்ட்டால் வண்டி ஆட்டம் நின்றது என்று கேட்பது போலத்தான் அது. மறுபடி சோதித்தபோது, தமிழில், தலைகீழாக ஐந்து எண்கள் வந்தன. அன்று "பதினைஞ்சு சார்" என்ற பையன் இப்போது ரயில்வேயில் டிராக் மெயின்டெய்னர். ஞாயிறு வகுப்பு இன்னும் நடக்கிறது. போர்டின் ஓரத்தில் வட்டமும் இன்னும் போடுகிறேன்.